வினாவழித் தேடலும் ஈழத்துத் தமிழ்த் திரைப்படமும்

திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி முதலிய வெகுஜனத் தொடர்புச் சாதனங்களை ஆராயப் புகுந்தோர் இதுகாறும் படைப்பு, படைப்பாளி, முதலீடு, பார்வையாளர் என்பனவற்றையே பெரிதும் நோக்கி வந்துள்ளனர். படைப்புக்கும் அதனைப் பற்றி அறிய விரும்புபவருக்கும் இடையில் நிற்பது யாது என்ற வினா அதிகம் எழுந்ததில்லை. நூலகத்தின் நூற்பட்டியலும், சஞ்சிகைகளின் பழைய இதழ்களும், விடயமறிந்த ஓரிரு முதியவரும் அவ்விடத்தில் இருந்தவரை அவ்வினாவுக்கு அவசியமும் இருக்கவில்லை. இன்று அவ்விடத்தில் இருப்பது தேடுபொறி. ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் பற்றி ஒன்றை அறிய விரும்பும் பல்கலைக்கழக மாணவர் முதலில் தமது கைத்தொலைபேசியிடமே கேட்கின்றார். பெரும்பாலும் கேட்ட இடத்திலேயே ஒரு விடையைப் பெற்று நின்றுவிடுகின்றார். அவ்விடை எங்கிருந்து வருகின்றது, யாருடைய பதிவிலிருந்து வெட்டியெடுக்கப்படுகின்றது, வெட்டும்பொழுது எது விடுபட்டுப் போகின்றது என்பனவே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் விடயங்களாகும்.

இத்துறையில் ஏற்கெனவே ஒரு தொழில் வளர்ந்துள்ளது. பண்டங்களை விற்போர் தமது பக்கங்கள் தேடல் முடிவுகளில் முதலிடம் பெறும்வண்ணம் எழுதுவிப்பதும், அதற்கெனச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதும் இன்று வழமையாகிவிட்டன. தேடுபொறி உகப்பாக்கம் என அதனைக் குறிப்பிடுவர். திரைப்படத் தயாரிப்பு நிறுவனங்களும் படங்களை இணையவழி வழங்கும் நிறுவனங்களும் இதனை நன்கு பயன்படுத்துகின்றன. 'இப்படத்தின் முடிவுக்குப் பொருள் என்ன?', 'இதன் இரண்டாம் பாகம் எப்பொழுது வரும்?' என்றவாறான வினாக்களைத் தாமே தலைப்பாக இட்டு, அவற்றின்கீழ்த் தாமே விடையும் எழுதி, கேட்பவர் தம்மிடம் வந்து சேருமாறு வழி அமைத்துக்கொள்கின்றன. முற்போக்குச் சிந்தனையுடையோர் பலர் இதனை விளம்பரக்காரரின் தந்திரமென ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்குவதற்கு நியாயம் உண்டு. ஆயினும் விளம்பரக்காரர் பயன்படுத்துகின்றனர் என்பதற்காக அச்சியந்திரத்தை நாம் ஒதுக்கிவிடவில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

பொறியின் இயக்கத்தைச் சுருக்கமாகவேனும் விளங்கிக்கொள்ளாது மேற்செல்ல முடியாது. தொடக்ககாலத் தேடுபொறி, ஒரு நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவை ஒத்தது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகின்றது என்பதைப் பட்டியலிட்டு வைத்து, கேட்ட சொற்கள் உள்ள பக்கங்களை, அவற்றை நோக்கிப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் தகுதியையும் கொண்டு அது வரிசைப்படுத்திற்று. 2012இல் கூகிள் நிறுவனம் 'அறிவு வரைபு' எனத்தக்க ஒரு தரவுத்தொகுதியைப் புகுத்தியது. அதன்பின் ஆள், ஊர், நூல், திரைப்படம் ஆகியன வெறுஞ் சொற்களாகவன்றித் தனித்தனி உருப்படிகளாகவும், அவற்றுக்கிடையிலான உறவுகளாகவும் சேமிக்கப்படலாயின. 2013இல் 'ஹம்மிங்பேர்ட்' எனப் பெயரிடப்பட்ட மாற்றம், முழு வாக்கியமாகக் கேட்கப்படும் வினாவைக் கையாளும் ஆற்றலைப் பெருக்கிற்று. 2014 அளவில், ஏதேனுமொரு பக்கத்திலிருந்து ஒரு பத்தியை வெட்டியெடுத்து, முடிவுகள் யாவற்றுக்கும் மேலே விடையாக வைக்கும் வழக்கம் வந்தது. 2019இல் 'பெர்ட்' எனும் மொழிமாதிரி தேடலில் இணைக்கப்பட்டபோது, வாக்கியத்திலுள்ள சிறு இடைச்சொற்களும் கணக்கிற் கொள்ளப்பட்டன. 2024 மே மாதத்தில், பல பக்கங்களைக் கலந்து பொறி தானே வாக்கியம் புனைந்து விடைகூறும் முறை முதலில் அமெரிக்காவிலும் பின்னர் ஏனைய பல நாடுகளிலும் நடைமுறைக்கு வந்தது. இவ்வளர்ச்சியின் திசை ஒன்றே. பல பக்கங்களைக் காட்டித் தெரிவை வாசகரிடம் விட்ட நிலையிலிருந்து, ஒரேயொரு விடையைக் கூறி முடித்துவிடும் நிலையை நோக்கியே அது செல்கின்றது.

தமிழிலக்கண மரபு வினாவைப் பற்றி நுணுகிச் சிந்தித்த மரபாகும். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தமை பள்ளி மாணவரும் அறிந்ததே. தேடுபொறியிடம் கேட்கப்படும் வினாக்களை அவ்வகுப்பில் வைத்து நோக்கினால் சில உண்மைகள் தெளிவாகின்றன. 'பொன்மணி' படத்தை இயக்கியவர் யார் எனக் கேட்பது அறியாவினா. இலங்கையில் உருவான முதலாவது தமிழ்ப் படம் 'சமுதாய'மா, 'தோட்டக்காரி'யா எனக் கேட்பது ஐயவினா. 'வாடைக்காற்று' படத்தை எங்கே பார்க்கலாம் என்பது, கடைக்குச் சென்று பயறு உண்டோ எனக் கேட்பதை ஒத்த கொளல்வினா. இம்மூன்றும் மூவகை விடையை வேண்டி நிற்பன. வணிக நிறுவனத்துக்கு அக்கறையுள்ளது கொளல்வினா ஒன்றே; ஏனையவற்றையும் அதை நோக்கித் திருப்புவதே அதன் முயற்சி. ஆனால் அந்நிறுவனத்தின் பக்கத்தில் 'அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்' என்ற தலைப்பின்கீழ் வருவன பெரும்பாலும் இவை எவையுமல்ல. விடையை முன்னரே அறிந்தவர் எழுப்பும் அறிவினாக்கள் அவை. ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்கும் அறிவினாவில் மறைவு எதுவுமில்லை. விற்பவர் வாங்குபவரின் குரலை இரவல் வாங்கிக் கேட்கும் அறிவினாவில் அது உண்டு. (கேள்வி-பதிற் பகுதிக்குக் கேள்வி வராதபோது ஆசிரியரே கேள்வியையும் எழுதிக்கொண்ட கதைகள் நமது பத்திரிகை உலகில் உண்டு. ஆதலால் இது இணையம் கண்டுபிடித்த வழக்கமென்று கூறுவதற்கில்லை.)

நமக்கு முக்கியமானது ஐயவினா. பொறியின் பெருங்குறையும் அங்கேதான் உள்ளது. ஐயவினாவை அது அறியாவினாவாக எடுத்துக்கொண்டு, ஒன்றைத் தெரிந்து மற்றொன்றை மறைத்துவிடும் இயல்புடையது. மேலே குறிப்பிட்ட எடுத்துக்காட்டையே விரித்து நோக்குவோம். ஹென்றி சந்திரவன்ச இயக்கிய 'சமுதாயம்' 1962இல் வெளிவந்தது, 16 மி.மீ. படச்சுருளில் உருவானது. பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 1963இல் வெளிவந்தது. திரையரங்குகளின் நியம அளவான 35 மி.மீ. படச்சுருளில் உருவானது. எது முதலாவது என்பது எதனைத் திரைப்படம் எனக் கொள்கிறோம் என்பதிலே தங்கியுள்ளது. இதில் வெறும் முதன்மைப் போட்டி மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. ஒரு சிங்களக் கலைஞர் தமிழ்ப் படமொன்றை இயக்கினார் என்ற செய்தியும், செலவு குறைந்த 16 மி.மீ. சாதனமே மூலதனமற்ற ஒரு சமூகத்தின் சினிமாவுக்கு வழிதிறந்தது என்ற செய்தியும், மலையகத் தோட்டத்தின் பெயரைத் தாங்கியே நமது 35 மி.மீ. படம் தொடங்கிற்று என்ற செய்தியும் அந்த ஐயத்தினுள்ளேயே உள்ளன. ஒற்றைப் பெயராக வரும் விடை இவை அனைத்தையும் ஒருங்கே அழித்துவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? ஆய்வாளர் வழக்கம்போல முதலில் விடையைக் கூறி, ஐயங்களை அடிக்குறிப்பிலோ மூன்றாம் பத்தியிலோ வைத்தால், பொறி முதல் வாக்கியத்தை வெட்டியெடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுச் செல்லும். எனவே ஐயமும் விடையின் அதே வாக்கியத்தினுள் இடம்பெறல் வேண்டும். 'இலங்கையில் தயாரிக்கப்பட்ட முதலாவது தமிழ்த் திரைப்படம், 16 மி.மீ. படங்களையும் கணக்கிற் கொள்வதாயின், 1962இல் ஹென்றி சந்திரவன்சவின் இயக்கத்தில் வெளிவந்த சமுதாயம், 35 மி.மீ. படங்களை மாத்திரம் கொள்வதாயின், 1963இல் பி. எஸ். கிருஷ்ணகுமாரின் இயக்கத்தில் வெளிவந்த தோட்டக்காரி' என்று எழுதினால், எங்கே வெட்டினாலும் ஐயம் உடன்செல்லும். இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் முதன்மைக் கருத்து. வினாவுக்கேற்ப எழுதுதல் என்பது எளிமைப்படுத்தி எழுதுதல் என்றே தொழில்முறையாளர் கருதுகின்றனர். நாம் அதனை, பிரித்தெடுக்க முடியாதவாறு நேர்மையை வாக்கியத்தோடு பிணைத்து எழுதுதல் எனக் கொள்ளலாம்.

மேற்காட்டிய வாக்கியத்தில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அதில் 'இவர்', 'அப்படம்', 'மேற்கூறியவாறு' என்பன இல்லை. பெயர்கள் முழுமையாக உள்ளன. நமது உரைநடையோ எழுவாயை ஒருமுறை கூறிவிட்டு, அடுத்த ஐந்து வாக்கியங்களுக்கு அதனை உய்த்துணர விடுவது. தொடர்ந்து வாசிப்பவருக்கு அது இனிமையானது. வெட்டியெடுக்கப்பட்ட நிலையில் 'இதனை இயக்கியவரும் அவரே' என்னும் வாக்கியம் எவருக்கும் எதனையும் கூறாது. ஆய்வுக் கட்டுரைகளின் வாக்கியங்கள் அரைப்பக்கம் ஓடுவதும் (இவ்விதழும் அதற்கு விலக்கன்று) இவ்வகையில் இடர் தருவதே. கட்டுரையின் நடையை மாற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. கட்டுரைக்குப் புறம்பே, ஒவ்வொரு படத்துக்கும் தனித்து நிற்கக்கூடிய சில வாக்கியங்களால் ஆன பதிவு ஒன்று வேண்டும் என்றே கூறுகின்றோம்.

ஐயவினாவின் இடர் ஈழத்துக்கு மாத்திரம் உரியதன்று. தென்னிந்தியாவின் முதலாவது மௌனப்படமெனக் கருதப்படும் ஆர். நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' 1916, 1917, 1918 என வெவ்வேறு ஆண்டுகளுக்கு உரியதாகப் பலராலும் எழுதப்பட்டுள்ளது. படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதலாவது தமிழ்ப் பேசும்படம் எனப்படுகின்றது. அதிலோ தமிழோடு தெலுங்கும் கலந்திருந்தது. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ', எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பில் மதுரையிலே படமாக்கப்பட்டது. தேசியம், மொழி, தயாரிப்பு இடம் ஆகியன ஒன்றோடொன்று பொருந்தி நிற்குமென எதிர்பார்க்கும் வினாக்களுக்கு இந்தப் படங்கள் எதுவும் நேராக விடை தருவதில்லை.

இது நம்மை மிக அடிப்படையான ஒரு சிக்கலுக்கு இட்டுச் செல்கின்றது. 'தமிழ்ச் சினிமா' என்ற தொகுதி, பொறியின் பார்வையிலும் பொதுமக்கள் பார்வையிலும், கோடம்பாக்கத்தைக் குறிக்கின்றது. 'இலங்கைச் சினிமா' என்ற தொகுதி பெரும்பாலும் சிங்களச் சினிமாவைக் குறிக்கின்றது. இலங்கைத் தமிழ்ப் படம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் விழுந்துவிடுகின்றது. இது இணையம் தோற்றுவித்த நிலையன்று. தென்னிந்திய இறக்குமதிப் படங்களோடு ஒரே திரையரங்கில் போட்டியிட வேண்டியிருந்த காலத்திலேயே இப்படங்கள் அந்த வெளியில்தான் நின்றன. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட பின்னரே தேசிய சினிமா என்ற எண்ணத்துக்கு ஒரு நிறுவன வடிவம் கிடைத்தது. பழைய சந்தை நிலைமை இன்று தரவுநிலைமையாக மறுபிறப்பு எடுத்துள்ளது எனலாம்.

ஆயின் இங்கே கைக்கெட்டிய பரிகாரம் ஒன்றுண்டு. 2011இல் பெரிய தேடுபொறி நிறுவனங்கள் கூடி, பக்கங்களில் உள்ள செய்தியைப் பொறி விளங்கும் வகையில் குறித்துவைப்பதற்கான பொதுச் சொற்றொகுதி ஒன்றை வகுத்தன. ஸ்கீமா என அது வழங்கும். திரைப்படத்துக்கு அதில் தனி வகை உண்டு. பெயர், மாற்றுப்பெயர், இயக்குநர், நடிகர், வெளியான நாள் என்பவற்றோடு மொழிக்கு ஓர் இடமும், தோற்ற நாட்டுக்கு வேறோர் இடமும் அதில் உள்ளன. மொழி தமிழ், நாடு இலங்கை என இரண்டையும் தனித்தனியே நிரப்பும் ஒருவர், பல்லாண்டுகளாக வாதங்களால் நிறுவ முயன்றதை இரு வரிகளிற் பதிந்துவிடுகின்றார். வாசகர் கண்ணுக்குப் புலப்படாத இவ்வரிகளை விமரிசகர் எவரும் எழுதப்போவதில்லை. நிரப்புபவர் பெரும்பாலும் கூலிக்கு வேலைசெய்யும் ஒரு தொழில்நுட்பவியலாளர். இலக்கியவாதிகளும் ஆய்வாளரும் அவரோடு உட்காராதவரை அவ்விடங்கள் வெறுமையாகவோ தவறாகவோதான் இருக்கும்.

பெயர்களின் சிக்கலும் சிறியதன்று. ஈழத்துப் படங்கள் பலவற்றின் பெயர்கள் வழக்குச் சொற்கள். 'குத்துவிளக்கு' எனக் கேட்பவருக்கு விளக்கேற்றும் முறையையும் விலையையும் கூற ஆயிரம் பக்கங்கள் உண்டு, வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கி 1972இல் வெளிவந்த படம் அவற்றின் அடியில் கிடக்கும். 'வாடைக்காற்று' என்பது ஒரு பருவக்காற்று, செங்கை ஆழியானின் ஒரு நாவல், அந்நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொராயஸ் இயக்கிய 1978ஆம் ஆண்டுப் படம். 'கோமாளிகள்' 1976ஆம் ஆண்டுப் படமாவதற்கு முன்னர், எஸ். ராம்தாஸின் புகழ்பெற்ற வானொலி நகைச்சுவைத் தொடராக மக்களிடையே உலவியது. வானொலியைக் குறித்துக் கேட்பவரும் படத்தைக் குறித்துக் கேட்பவரும் ஒரே சொல்லையே பயன்படுத்துவர். 1966இல் வெளிவந்த 'டாக்சி டிரைவர்' என்ற நமது படத்துக்கு நேர்ந்த கதி இன்னும் இரங்கத்தக்கது. மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 1976ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் அதே பெயரைக் கொண்டது. வெறும் பெயரைச் சொல்லிக் கேட்டால் விடை எந்தப் பக்கம் சாயும் என ஊகிப்பது கடினமன்று. ஆண்டு, நாடு, இயக்குநர் பெயர் ஆகிய மூன்றையும் படத்தின் பெயரோடு எப்போதும் சேர்த்தே எழுதும் பழக்கத்தை நாம் மேற்கொண்டால் இவ்விடர் பெருமளவு குறையும்.

பெயரைக் கொண்டே எல்லோரும் கேட்பதுமில்லை. பெயர் அறிந்தவருக்கு விடையிற் பாதி முன்னரே தெரியும். 'ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் தமிழில் திரைப்படமாக வந்துள்ளதா?' எனக் கேட்கும் நாடகத்துறை மாணவருக்கு எம். வேதநாயகம் 1966இல் ஆக்கிய 'கடமையின் எல்லை' கிடைக்க வேண்டும். 'மலையகத் தொழிலாளர் வாழ்வைக் காட்டும் படங்கள் எவை?' என்பவருக்கு வி. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' (1975) கிடைக்க வேண்டும். 'யாழ்ப்பாணத்துச் சாதியத்தையும் சீதனத்தையும் விமரிசித்த படம் எது?' என்ற சமூகவியலாளருக்குப் 'பொன்மணி' கிடைக்க வேண்டும். படத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு கதைச்சுருக்கம் எழுதும் வழக்கமான பதிவுகளில் இவ்வினாக்களின் சொற்கள் இடம்பெறுவதேயில்லை. ஒரு படத்தை அதன் சமூக உள்ளடக்கம் வழியாகக் கேட்பவர் யார், எந்தச் சொல்லாற் கேட்பார் என எண்ணிப் பார்ப்பது, உண்மையில் விமரிசகரின் பணியே. விளம்பரத் தொழில் இதனைத் தேடல் நோக்கம் என்கின்றது. நாம் அதனை வாசகரை அறிதல் எனக் கூறிவந்தோம்.

சொல்லும் எழுத்தும் பற்றிச் சிறிது கூறவேண்டும். தமிழ் ஒட்டுநிலை மொழி. படம், படத்தை, படத்தில், படங்களுக்கு என ஒரு பெயர் பல வடிவெடுக்கும். புணர்ச்சியில் ஒற்று மிகும். வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். இதற்கும் மேலாக, பிறமொழி ஒலிகளை எழுதுவதில் ஈழத்து மரபும் தமிழக மரபும் வேறுபடுகின்றன. நாம் ரெலிபோன், ரொறன்ரோ என எழுதுவதைத் தமிழகத்தார் டெலிபோன், டொரண்டோ என எழுதுவர். தர்மசேன பத்திராஜ, தர்மசேன பத்திராஜா, பதிராஜ என ஒரே இயக்குநர் பெயர் பல வடிவில் வழங்குகின்றது. பேச்சாற் கேட்கும் வசதி வந்தபின் இது மேலும் விரிவடைந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'பொன்மணி ஆர் எடுத்த படம்?' என்பார். அந்த 'ஆர்' எந்த ஏட்டுப் பதிவிலும் இல்லை. மாற்றெழுத்துகளைப் பிழையென ஒதுக்காது, மாற்றுப்பெயருக்கான இடத்தில் யாவற்றையும் பதிவதும், வினாத் தலைப்புகளுள் ஒன்றிரண்டையேனும் பேச்சு வழக்கில் அமைப்பதும் பயன்தரும். செந்தமிழ்ப் பற்றாளர் சிலர் இதனை விரும்பமாட்டார். ஆனால் கேட்பவர் எந்த மொழியிற் கேட்கின்றாரோ அந்த மொழியில் அவரைச் சந்திக்க மறுப்பது கல்வியை மறுப்பதற்கு ஒப்பானதே.

இவை யாவும் மொழிப் பரப்பிலுள்ள இடர்கள். பொருளியல் அடிப்படை வேறு. வினாவுக்கு விடை கிடைக்கவேண்டுமாயின் விடையைக் கொண்ட எழுத்து பொறிக்கு எட்டும் வடிவில் இருத்தல் வேண்டும். இலங்கையில் நெடுங்காலம் பரவலாக வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில், திரையிலே தமிழ் தோன்றினும் உள்ளே சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்துகளின் குறியீடே. அவ்வாறு தட்டெழுதிய கட்டுரைகள் ஒருங்குறிக்கு மாற்றப்படாதவரை எந்தத் தமிழ் வினாவும் அவற்றைச் சென்றடையாது. அதற்கு முற்பட்ட அச்சுச் சஞ்சிகைகளை 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பெருமுயற்சியோடு படிமமாக்கி வருகின்றது. படிமம் கண்ணுக்கு எழுத்து. பொறிக்கு வெறும் படம். அங்கே பட்டியலிடப்படும் உள்ளடக்கத் தலைப்புகளே வினா நுழையக்கூடிய சிறு வாயில்கள். 'திரை விமர்சனம்' என்று மாத்திரம் தலைப்பிட்ட ஒரு கட்டுரை எந்தப் படத்தைப் பற்றியது என்பதைப் பட்டியலாளர் அடைப்புக்குறியில் ஒரு சொல்லாற் சேர்த்தாலே வாயில் அகலும்.

இவ்வெழுத்துச் சான்றுகளுக்கு ஏன் இத்துணை முக்கியத்துவம் கொடுக்கிறோம் என்பதற்குக் காரணமுண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. படத்தைப் பார்த்து உண்மையை அறியும் வாய்ப்பு அற்றுப்போகும்பொழுது, அதனைப் பற்றிய எழுத்தே படத்தின் இடத்தைப் பெறுகின்றது. கோடம்பாக்கத்துப் படமொன்றைப் பற்றித் தவறான விடை கிடைத்தால் படத்தை ஓடவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பிரதி கிடைக்காத ஓர் ஈழத்துப் படத்தைப் பற்றிய தவறான விடையைத் திருத்த எதுவும் இராது. அத்தவறே அடுத்த கட்டுரையாளரின் ஆதாரமாகும்.

எஞ்சிய ஒளிப்பதிவுகளைப் பொறுத்தவரை செய்யக்கூடியது ஏராளம். யூடியூப்பில் ஏற்றப்படும் பழைய படமும் பேட்டியும் பெரும்பாலும் 'அரிய காணொளி, பகுதி 2' என்றவாறான தலைப்போடு நின்றுவிடுகின்றன. ஒலியினுள் உள்ளதைப் பொறி உறுதியாக அறிவது எழுத்தாக்கம் வழியாகவே. நேரக்குறிப்போடு கூடிய எழுத்தோட்டக் கோப்பு ஒன்றை மனிதர் கேட்டெழுதிச் சேர்ப்பது முதலாவது பணி. விபரப்பகுதியில் 0:00இல் தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிப்புகளையேனும் தலைப்போடு தருவது இரண்டாவது. அவ்வாறு செய்தால் காணொளி அத்தியாயங்களாகப் பிரிந்து, கேட்ட வினாவுக்குரிய கணத்திலேயே திறக்கும். ஒரு மணிநேரப் பேட்டியில் முதிய கலைஞர் ஒருவர் தமது படம் எந்த அரங்கில் எத்தனை நாள் ஓடிற்று எனக் கூறும் அரை நிமிடம், 'முதற் காட்சி எங்கே நடைபெற்றது?' என்ற தலைப்போடு குறிக்கப்படாவிடின் இல்லாததற்குச் சமம்.

இம்முறைகளின் எல்லையையும் உணரவேண்டும். வினா-விடைக் குறியீட்டை இட்டால் தேடல் முடிவுகளில் இடம் பெருகும் எனக் கண்டதும், வணிகப் பக்கங்கள் எவரும் கேளாத வினாக்களை அடுக்கத் தொடங்கின. 2023 ஆகஸ்டில் கூகிள் அச்சிறப்புக் காட்சியைப் பெயர்பெற்ற அரச, சுகாதாரத் தளங்களுக்கென மட்டுப்படுத்திற்று. ஒரு தனியார் நிறுவனத்தின் தீர்மானம் ஒரே நாளில் பலரது உழைப்பை வீணாக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆதலால் அந்தந்தக் காலத்துத் தந்திரங்களைத் துரத்துவதில் நமக்குப் பயனில்லை. விடையைப் பொறியே புனைந்து கூறும் இன்றைய முறையில் ஆபத்து வேறுவகையானது. ஆதாரம் மிகுந்த துறையில் அது ஓரளவு சரியாகக் கூறும். ஆதாரம் அருகிய துறையில், தயக்கமின்றித் தவறான பெயரையும் ஆண்டையும் அதே ஒழுக்கான நடையில் கூறிவிடும். ஈழத்துத் தமிழ்ச் சினிமா ஆதாரம் அருகிய துறை. மேலும், விடையை அங்கேயே பெற்றுவிட்ட வாசகர் மூலப் பக்கத்துக்கு வருவதில்லை. பதிவை உழைத்து ஆக்கியவருக்கு வாசகரும் இல்லை, வருவாயும் இல்லை; அவ்வுழைப்பின் பயன் நிறுவனத்துக்குச் சேர்கின்றது. இவ்வுறவை நாம் நன்கு அறிவோம். அதனைக் காரணம் காட்டிப் பதிவை ஆக்காது விடுவதால் நட்டமடைவது நிறுவனமன்று.

எந்தத் தனி நிறுவனத்துக்கும் உடைமையாகாத ஓர் இடமும் உண்டு. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, ஒரே விடயத்துக்குப் பல கூற்றுகளை, ஒவ்வொன்றுக்கும் தனி ஆதாரத்தோடு பதிய இடமளிக்கின்றது. கீசகவதத்தின் மூன்று ஆண்டுகளையும், அவை எந்நூலிற் கூறப்பட்டுள்ளன என்பதோடு அருகருகே வைக்கலாம். தேடுபொறிகளும் விடைகூறும் பொறிகளும் பொதுவில் வாசிக்கும் தரவு இது. ஐயவினாவை ஐயவினாவாகவே பேணும் வாய்ப்பு இப்போதைக்கு இங்கேதான் உள்ளது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியைத் தொடங்குவதற்குப் 'பொன்மணி' பொருத்தமான படம் எனக் கருதுகின்றோம். 1977இல் வெளிவந்த அப்படத்தை, யாழ்ப்பாண வளாகத்தில் சிங்கள விரிவுரையாளராகப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜ இயக்கினார். காவலூர் இராஜதுரை திரைக்கதை எழுதினார். சர்வமங்களம் கைலாசபதி, சித்திரலேகா மௌனகுரு ஆகியோர் நடித்தனர். பிரேமசிறி கேமதாச இசையமைத்தார். பத்திராஜ 2018இல் காலமானார். படத்தோடு தொடர்புற்றோர் சிலரிடமேனும் இன்றும் கேட்டறியலாம். எந்த ஊர்களிற் படமாக்கப்பட்டது, எந்த அரங்குகளில் எத்தனை நாள் ஓடிற்று, அக்காலச் சஞ்சிகைகள் என்ன எழுதின, உரையாடலில் வரும் யாழ்ப்பாணப் பேச்சை நடிகர் எவ்வாறு பயின்றனர் என இருபது வினாக்களை மாணவர் முதலில் எழுதட்டும். அவற்றுள் எவை அறியாவினா, எவை ஐயவினா எனப் பிரிக்கட்டும். விடை கண்டவற்றை ஆதாரத்தோடு தனித்து நிற்கும் வாக்கியங்களாகவும், காணாதவற்றைக் காணவில்லை என்ற வெளிப்படையான கூற்றோடும், ஒருங்குறித் தமிழிலும் சிங்களத்திலும் பதியட்டும். சிங்களத்தில் ஏன் என்று கேட்போர் இருக்கக்கூடும். பத்திராஜவின் ஏனைய படங்களைத் தேடி வரும் சிங்கள மாணவர், அவர் தமிழிலும் ஒரு படம் எடுத்தாரா எனக் கேட்கும் வினா அந்த மொழியிலேயே எழும்.